விலகிப் போக வழி இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கடையில் பாதி வியாபாரத்துக்கு மேல் போனில்தான் பணம் வருகிறது. ஒரு நிறுவனத்தின் க்யூ.ஆர். அட்டையும் சவுண்ட் பாக்ஸும் வைத்திருக்கிறேன். பெட்டிக்கு மாதா மாதம் வாடகை பிடித்துக்கொள்கிறார்கள். இனி ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் கட்டணம் உண்டு என்று பேசிக்கொள்கிறார்கள். இந்த யு.பி.ஐ. யாருடையது? நான் பயப்பட வேண்டுமா?
– மளிகைக் கடைக்காரர், பண்ருட்டி

பதில்: யு.பி.ஐ. உங்கள் அட்டையில் பெயர் அச்சடித்திருக்கும் நிறுவனத்துடையது இல்லை. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-இல் தொடங்கிய என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு உருவாக்கியது அது. 2016 ஏப்ரலில் அறிமுகமானது. வாடிக்கையாளர் 85 ரூபாய் அனுப்பினால் பணம் வங்கியிலிருந்து வங்கிக்குத்தான் நகர்கிறது. செயலியின் வேலை உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வங்கியில் நான் வேலை பார்த்த காலத்தில் வெளியூர்க் காசோலை பணமாக வாரக்கணக்கில் காத்திருந்த வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு தெரிந்ததால் சொல்கிறேன், இந்த நாடு பொதுவில் கட்டிய மிக நல்ல விஷயங்களில் யு.பி.ஐ.யும் ஒன்று.

கட்டணம் பற்றி: 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. 2025 ஜூனில் கட்டணம் வரப்போகிறது என்று செய்தி பரவியபோது நிதி அமைச்சகமே மறுத்தது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து யாராவது பெரிய தொகை கட்டினால் கட்டணம் உண்டு, அது தனி. இதையெல்லாம் நடத்தச் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. வங்கிகளும் அரசும் தாங்குகின்றன. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களை ஊக்குவிக்க 2024-25-க்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டார்கள். அதாவது இது நம் வரிப்பணத்திலும் நடக்கிறது. இந்தச் செலவு சரியானது என்பதே என் கருத்து. சில்லறைக் கடைக்காரரின் மெல்லிய லாபத்திலிருந்து அரை சதவீதம் எடுத்தாலும் அது அநியாயம்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2025 ஆகஸ்டில் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரண்டே செயலிகள் வழியாகப் போகிறது: போன்பே, கூகுள் பே. முதலாவதில் பெரும்பங்கு வால்மார்ட்டுடையது, இரண்டாவது யாருடையது என்று பெயரே சொல்லும். ஊர்ப் பணத்தில் கட்டிய சந்தைக்கு வாசல் இரண்டுதான், இரண்டு வாசலிலும் வெளியூர் முதலாளிகள் நிற்கிறார்கள் என்பது போல் ஆகிவிட்டது நிலைமை.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததும் இல்லை. 2020 நவம்பரிலேயே என்.பி.சி.ஐ. ஒரு வரம்பு வைத்தது: எந்தச் செயலியும் மொத்தப் பரிமாற்றத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே பெரிதாக இருந்தவர்களுக்கு 2022 கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். அப்புறம் 2024 கடைசி வரை என்றார்கள். அப்புறம் 2026 டிசம்பர் 31 வரை என்றார்கள். ஒவ்வொரு நீட்டிப்பிலும் அந்த இரண்டும் இன்னும் பெரிதாகின, வரம்பைச் செயல்படுத்துவது இன்னும் கடினமானது. இப்போது திடீரென்று அமல்படுத்தினால் கோடிக்கணக்கானவர்கள் திண்டாடுவார்கள் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியது அவகாசம் கொடுத்தவர்கள்தானே! சட்டத்தைத் தள்ளிப்போடுவது நடுநிலைச் செயல் இல்லை, பெரியவர் பக்கம் சாய்வது. என்.பி.சி.ஐ.யின் சொந்தச் செயலியான பீம் 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதற்கு ஆளும் பணமும் போட்டு நன்றாக வளர்த்திருந்தால் இன்று இந்தப் பேச்சே வந்திருக்காது.

இலவசமாக நடத்தி அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். உங்கள் கடையில் எத்தனை மணிக்குக் கூட்டம், எந்த மாதம் வியாபாரம் படுக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கடன் வேண்டுமா என்று உங்கள் போனில் வரும் செய்தி அந்த அறிவிலிருந்துதான் வருகிறது. கடன் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் வியாபாரக் கணக்கு உங்களைவிட அவர்களிடம் தெளிவாக இருக்கும் நிலைக்கு விடாதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிக வரித்துறை யு.பி.ஐ. விவரங்களை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் க்யூ.ஆர். அட்டையை எடுத்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. வரிவிலக்கு உள்ள பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. கொள்முதல் பில்லை ஒழுங்காக வைத்திருந்தவர்களால் பதில் சொல்ல முடிந்தது. நீங்களும் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டு, வங்கியின் க்யூ.ஆர். அட்டையை வாங்கி மேசையில் வையுங்கள். எந்தச் செயலியில் ஸ்கேன் செய்தாலும் அது வேலை செய்யும், வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. பெட்டி வாடகையையும் வங்கியிடம் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே இன்னொன்றுக்குப் போகலாம் என்கிற அந்த வசதிதான் யு.பி.ஐ.யில் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பட்டன் போன்தான். பேச மட்டும்தான் தெரியும். ஆனால் கடையில் எப்போது ரீசார்ஜ் செய்தாலும் தினமும் ஒன்றரை ஜி.பி. இன்டர்நெட்டோடு சேர்த்துத்தான் போடுகிறார்கள். வேண்டாததற்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?
– ஒரு மகள், கோவில்பட்டி

பதில்: கட்ட வேண்டியதில்லை அம்மா. தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிராய் 2024 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்தே ஆக வேண்டும், 365 நாள் வரை செல்லுபடியாகும்படியும் கொடுக்கலாம் என்று. அடுத்த மாதமே அப்படிப்பட்ட திட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் கடைக்காரர் அதை எடுத்துச் சொல்ல மாட்டார், செயலியிலும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ‘வாய்ஸ் ஒன்லி பேக்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். சிக்னல் உங்கள் தெருவில் கிடைத்தால் அதையும் விசாரியுங்கள்.

உங்கள் கேள்விக்குள் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இலவசம், இலவசம் என்று ஊரெல்லாம் வரிசை. விலைப்போரில் தாக்குப்பிடிக்க முடியாத நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று நாடு முழுக்கச் சேவை தரும் தனியார் மூன்றே பேர், அவர்களில் ஒருவர் கடனில் தத்தளிப்பவர். 2024 ஜூலையில் மூவரும் ஒரு சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றினார்கள். இலவசம் என்று வரும் எதையும் பார்த்து, போட்டியாளர்கள் போன பிறகு இதன் விலை என்ன என்று அரசு அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பின் வேலையே அதுதான்.

தமிழ்நாட்டில் அந்தச் சரிவின் முகம் ஏர்செல். இங்கே பிறந்து, இங்கே வீட்டுக்கு வீடு இருந்த நிறுவனம். 2018 பிப்ரவரியில் சிக்னல் அப்படியே போயிற்று. சேவை மையங்களின் முன்னால் ஜனங்கள் கூட்டமாக நின்றார்கள். வங்கியில் பதிவுசெய்த எண், கேஸ் சிலிண்டர் பதிய வேண்டிய எண், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அழைக்கும் எண், எல்லாம் அதுதான். 1900-க்கு ‘போர்ட்’ என்று எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் தவித்தார்கள். ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் எண்ணை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற முடிந்தது. காரணம், 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் விதி. நிறுவனங்கள் அதைக் கேட்டுப் போராடி வாங்கித் தரவில்லை, அரசு கட்டாயப்படுத்தியதால் வந்தது. பிற்பாடுகூடச் சில நிறுவனங்கள் மலிவான பேக்கில் எஸ்.எம்.எஸ். வசதியையே எடுத்துவிட்டன, அதனால் அந்த வாடிக்கையாளரால் விலகும் செய்தியை அனுப்ப முடியவில்லை. எந்தத் தொகைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் அந்த ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் விலகிப் போவதைத்தான் எந்தப் பெரிய நிறுவனமும் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுகிறது. அந்த வழியைத் திறந்து வைப்பதுதான் அரசின் முதல் கடமை என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: கூகுளுக்கு ஆயிரம் கோடி அபராதம் என்று செய்தி வருகிறது. அப்புறமும் எதுவும் மாறுவதில்லை. அபராதத்தால் என்ன பயன்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அபராதம் மட்டும் என்றால் பயன் குறைவுதான் தம்பி. 2022 அக்டோபரில் ஒரே வாரத்தில், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு இரண்டு அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் கட்டண விஷயத்தில் 936.44 கோடி. பிந்தையதை மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் சுமார் 216 கோடியாகக் குறைத்தார்கள். அந்த நிறுவனத்தின் வருமானத்துக்கு இந்தத் தொகையெல்லாம் எம்மாத்திரம்?

சென்னையில் நடந்ததைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளை முன்னால் தள்ளுகிறது என்று சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012-இல் புகார் கொடுத்தது. ஆணையத்தின் தீர்ப்பு 2018 பிப்ரவரியில் வந்தது: 135.86 கோடி அபராதம். ஆறு ஆண்டு! அந்த ஆறு ஆண்டில் எத்தனை சிறு நிறுவனங்கள் மூடிப் போயிருக்கும்? பிறகு 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில், அதே மேட்ரிமோனியின் செயலிகளையும் வேறு சில இந்திய நிறுவனங்களின் செயலிகளையும் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வைத்தது. அமைச்சரைப் பேசவைக்கும் அளவுக்குப் பெரிய நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. நீயும் உன் நண்பனும் விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு செயலி செய்து, அது எடுக்கப்பட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இந்தியாவில் பெரும்பாலான போன்கள் ஆண்ட்ராய்டு. அந்தக் கடையில் இடமில்லையென்றால் விற்க வேறு இடம் கிடையாது என்றே சொல்லலாம்.

அதனால்தான் ஐரோப்பா வேறு பாதையில் போனது. தவறு நடந்த பிறகு விசாரிப்பதற்குப் பதில், மிகப் பெரிய நிறுவனங்கள் என்னென்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். அந்த விதிகள் 2024 மார்ச் 7 முதல் அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்காவில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கூகுளைச் சட்டவிரோத ஏகபோகம் என்றே தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது கூகுள். ஆனால் 2025 செப்டம்பரில் தண்டனை வந்தபோது கூகுளின் பிரவுசரான குரோமை விற்கச் சொல்லவில்லை. எனக்கு அது ஏமாற்றம்.

நம் நாட்டிலும் ஐரோப்பா பாணியில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு ஒன்று 2024 மார்ச்சில் வெளியானது. பெரிய நிறுவனங்கள் எதிர்த்தன, வளர்ந்துவிட்ட சில இந்திய நிறுவனங்களும் தயங்கின. அது கிடப்பில் போனது. அந்த வரைவு திரும்ப வர வேண்டும் என்று உன் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுது. இது வீண் வேலை என்று நினைக்காதே. ஃபேஸ்புக் தான் பொறுக்கிய சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இணையத்தில் பாரபட்சம் கூடாது என்று டிராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பியது உன்னைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அதைத் தடுத்தது. உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, முழுப் பக்க விளம்பரங்கள் கொடுத்தும் தோற்றது.

கேள்வி: வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு நம் ஊர் ‘அரட்டை’ செயலிக்கு மாறச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். மாறட்டுமா?
– அஞ்சலகப் பணியாளர், தென்காசி

பதில்: பயன்படுத்திப் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் செயலி 2025 செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது எனக்கும் மகிழ்ச்சி. அந்தச் சமயத்தில் அதில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கப் பாதுகாப்பு, அதாவது சம்பந்தப்பட்ட இருவர் தவிர வேறு யாரும் அறிய முடியாத பூட்டு, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதைக் கேட்டு வாங்குவதும் அபிமானம்தான்.

ஆனால் நீங்கள் மட்டும் மாறி என்ன செய்வது? பிள்ளையின் பள்ளிக் குழு வாட்ஸ்அப்பில், தெருக் குழு வாட்ஸ்அப்பில், அலுவலக உத்தரவும் அங்கேதான். 2021-இல் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றி, ஒப்புக்கொள்ளாவிட்டால் சேவை இல்லை என்றபோது நாம் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சம்மதம் இல்லை, வேறு வழியில்லாமைதான். 2024 நவம்பரில் போட்டி ஆணையம் இதற்காக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி அபராதம் போட்டது. என்னைக் கேட்டால், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் போகிற மாதிரி, ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குச் செய்தி போக வேண்டும். ஐரோப்பா அதை வாட்ஸ்அப்பின் மேல் சட்டக் கடமையாகவே வைத்துவிட்டது. அப்படி ஒரு விதி இங்கும் வந்தால் நீங்கள் அரட்டையில் இருந்துகொண்டே பள்ளிக் குழுவிலும் இருக்கலாம். எந்தச் செயலி நம்முடையது என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

கேள்வி: தனிநபர் தரவுச் சட்டம் வந்துவிட்டதால் இனி ஆர்.டி.ஐ.யில் எதைக் கேட்டாலும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்துவிடுவார்களா?
– தகவல் உரிமை ஆர்வலர், திருவாரூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜெ) பிரிவு ஒரு சமநிலையோடு இருந்தது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விவரத்தை மறுக்கலாம், ஆனால் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது. 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் மிச்சம் வைத்தது.

எனக்குக் கோபம் வருவது அமலாக்கத்தின் வரிசையைப் பார்த்துத்தான். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, ஆர்.டி.ஐ.யைத் திருத்தும் பிரிவு உடனே அமலுக்கு வந்தது. நம் தரவை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம். குடிமக்கள் அரசைக் கேள்வி கேட்கும் வழி முதல் நாளே குறுகியது, நிறுவனங்கள் குடிமக்களுக்குப் பதில் சொல்லும் நாள் மட்டும் தள்ளிப் போனது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது, சாதாரண மனிதரை அதிகாரத்திடமிருந்து காப்பாற்றுவதற்காக. நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலில் இறந்தவர் பெயரில் பணம் எடுத்தவரைக் காப்பாற்றுவதற்காக இல்லை.

சோர்ந்துவிடாதீர்கள். 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன், கெடுதியைவிடப் பெரிதென்றால் தகவல் கொடுக்கலாம். இனி மனு எழுதும்போதே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அலுவலகங்கள் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் 4-ஆம் பிரிவையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். திடீரென்று ஐ.டி.யை முடக்கிவிட்டார்கள். காரணம் கேட்டால் செயலியில் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நான் யாரிடம் போவது?
– டெலிவரி ஊழியர், வேளச்சேரி, சென்னை

பதில்: தம்பி, ஒரு மனிதனின் அன்றாடச் சம்பாத்தியத்தை நிறுத்துகிறவர்கள் முகம் காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டம் இதைச் சொல்கிறது. நீக்குவதென்றால் எழுத்தில் காரணம், 14 நாள் முன்னறிவிப்பு. ராஜஸ்தான் 2023-லேயே தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் உங்களைப் போன்றவர்களுக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. நிதி நல்லது. ஆனால் ஐ.டி. முடங்கிய அன்று அது சோறு போடாது. கர்நாடகத்தின் அந்த 14 நாள் விதி இங்கேயும் சட்டமாக வேண்டும்.

இப்போதைக்கு, கடைசி மூன்று மாத வருமான விவரம், முடக்கிய செய்தி, உங்கள் ரேட்டிங் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். செயலி மொத்தமாக மூடிவிட்டால் அவை கிடைக்காது. வாரியத்தில் உறுப்பினர் ஆகவில்லையென்றால் உடனே பதிவு செய்யுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், இதே மாதிரி முடக்கப்பட்ட இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். டெலிவரி ஊழியர் சங்கம் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: துணிக்கடையில் பில் போட மொபைல் எண் கட்டாயம் என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். பொருள் விற்க எண்ணை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்குச் சொல்லிவிட்டது. எண் இல்லாமல் பில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கடையின் பெயரையும் தேதியையும் சொல்லிப் புகார் பதியுங்கள்.